டைட்டானியம் கசெற்: 226 கிராமுக்காக இவ்வளவு காசா?

கேள்வி, பெப்ரவரி 9

தெஹிவளையில் இருக்கிறேன். 29 அங்குல ஹார்ட்ரெயில் (பின்னால் ஸ்பிரிங் இல்லாத மலைச் சைக்கிள்), ஷிமானோ டியோர் 12 ஸ்பீட், கசெற் (பின்சில்லில் இருக்கிற பற்சில்லு அடுக்கு) 10-51, அதாவது 10 பல்லிலிருந்து 51 பல் வரை, முன்னால் 32 பல். கிழமை நாட்களில் வேலைக்கும் அதில்தான் போய்வருகிறேன். லீவு கிடைத்தால் ஹற்றன், நுவரெலியாப் பக்கம். அக்கா சித்திரை வருஷத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வருகிறா. ஷிமானோவின் விலை கூடிய எக்ஸ்ரிஆர் டைட்டானியம் கசெற் ஒன்று கொண்டுவரச் சொல்லலாம் என்று யோசிக்கிறேன். இருநூறு கிராமுக்கு மேல் குறையுமாம். மலையேறும்போது வித்தியாசம் தெரியுமா? இணையத்தில் தங்க நிறத்தில் 'டைட்டானியம்' என்று மலிவாகவும் ஒன்று விற்கிறார்கள். அது என்ன மாதிரி?

பெப்ரவரி 9, இரவு

தம்பி, எடையைப் பார்க்க முதல் ஃப்ரீஹப்பை, அதாவது பின் ஹப்பில் கசெற் ஏறி உட்காருகிற உடலைப் பாருங்கள். உங்கள் டியோர் 10-51 என்றால் பின் ஹப்பில் மைக்ரோ ஸ்ப்ளைன் என்கிற வகை ஃப்ரீஹப் இருக்கும், எக்ஸ்ரிஆர் கசெற்றும் அதிலேயே ஏறும். அந்தத் தலையிடி உங்களுக்கு இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு 11 பல்லில் தொடங்குகிற கசெற் வைத்திருக்கிற ஆக்கள் யாரும் அவசரப்பட வேண்டாம். அது பெரும்பாலும் பழைய ஹெச்.ஜி. ஃப்ரீஹப். 10 பல் அதில் உட்காராது. ஃப்ரீஹப் உடலை மாற்ற வேண்டும், சில ஹப்புகளுக்கு மாற்று உடலே கிடையாது. கசெற் கையில், ஏற்ற இடமில்லை என்று டாம் வீதியில் கடைகடையாக அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பெப்ரவரி 10

எக்ஸ்ரிஆர் கசெற் முழுக்க டைட்டானியம் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. 2018இல் வந்த எம்9100 வரிசையின் 10-51ஐ எடுத்தால், பெரிய மூன்று பற்சில்லுகள் அலுமினியம், சின்ன நான்கும் உருக்கு, நடுவில் உள்ள ஐந்துதான் டைட்டானியம். அதாவது 18, 21, 24, 28, 33.

ஏன் அப்படி? பெரிய சில்லில் ஒரே நேரத்தில் நிறையப் பற்கள் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன, அதனால் மென்மையான அலுமினியமும் தாங்கும். 10, 12 பல்லில் சில பற்கள்தான் முழு இழுவையையும் வாங்குகின்றன, அங்கே உருக்குத்தான் வேண்டும். அடர்த்தியைப் பாருங்கள்: உருக்கு ஒரு கன சென்ரிமீற்றருக்கு 7.8 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. நடுப் பற்சில்லுகளில் அலுமினியம் சீக்கிரம் தேயும், உருக்கு பாரம். அந்த இடைவெளிக்குத்தான் டைட்டானியம்.

ஷிமானோ சொல்கிற எடைகள், விலை கூடியதிலிருந்து குறைந்தது வரை, எல்லாம் 10-51: எக்ஸ்ரிஆர் 367 கிராம், எக்ஸ்ரி 470, எஸ்எல்எக்ஸ் 534, டியோர் 593. உங்களிடம் இருப்பதற்கும் எக்ஸ்ரிஆருக்கும் 226 கிராம் வித்தியாசம். இதில் கவனிக்க வேண்டியது, டியோரிலிருந்து எக்ஸ்ரிக்குப் போனாலே 123 கிராம் குறைந்துவிடுகிறது, டைட்டானியம் ஒரு துளி இல்லாமல். பெரிய சில்லுகளை அலுமினியமாக்கியதில் வந்த லாபம் அது. டைட்டானியத்துக்கென்று நீங்கள் காசு கொடுப்பது மிச்ச 103 கிராமுக்கு.

பெப்ரவரி 10, பின்னேரம்

இன்னொன்று. உங்கள் 32 பல் முன்சில்லு, 29 அங்குல ரயர், நிமிடத்துக்கு 80 மிதி என்று கணக்குப் போட்டால், 18 பல்லில் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வருகிறது. 21 பல்லில் 17. தெஹிவளையிலிருந்து காலி வீதியால் கோட்டைக்குப் போகிறவர் எந்த வேகத்தில் போவார்? பஸ்ஸுக்குப் பின்னால், ஓட்டோவுக்கு இடையில், அதே 17, 20தான். ஆக, விலை கூடிய டைட்டானியப் பற்கள் இரண்டையும் நீங்கள் தேய்க்கப்போவது பம்பலப்பிட்டி சந்தியில். மலையில் செங்குத்தாக ஏறும்போது 45, 51இல் இருப்பீர்கள், அவை அலுமினியம்.

வாங்க வேண்டாம் என்று சொல்ல இந்த ஒன்றே எனக்குப் போதுமான காரணம். ஆனால் நான் பொதுவாகவே கஞ்சன் என்று வீட்டில் ஒரு பேர் இருக்கிறது, ஆகவே மற்றவர்களும் சொல்லட்டும்.

பெப்ரவரி 13

ராஜகிரியவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "சுழலுகிற எடை, சில்லில் ஒரு கிராம் குறைத்தால் சட்டத்தில் இரண்டு கிராம் குறைத்ததற்குச் சமம், 226 என்பது 450 மாதிரி."

ரயருக்கு அது சரி. கசெற்றுக்குச் சரியில்லை. வேகமெடுக்கும்போது சுழற்சிக்காகச் செலவாகிற மேலதிகச் சக்தி, அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதன் வர்க்கத்தைப் பொறுத்தது. ரயர் அச்சிலிருந்து 37 சென்ரிமீற்றர் தள்ளி ஓடுகிறது. கசெற்றின் மிகப் பெரிய 51 பல் சில்லின் ஆரையே 10 சென்ரிமீற்றர்தான், சராசரியாக 7 என்று வையுங்கள். 7ஐ 37ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.036. 226 கிராமுக்கு அது வெறும் 8 கிராம். ஆக 226 என்பது 234 மாதிரி.

ஓ.எல். விஞ்ஞானம் போதும் இதற்கு.

பெப்ரவரி 14

மலை ஏற்றத்தையும் கணக்குப் போட்டுவிடுவோம், அப்புறம் யாரும் கேட்கக் கூடாது. ஹற்றன் 1271 மீற்றர் உயரம். கித்துல்கலைப் பக்கமிருந்து கினிகத்தேனை வழியாக ஏறினால் 1000 மீற்றருக்கு மேல் ஏறுகிறோம். 226 கிராமை 1000 மீற்றர் தூக்க 2200 ஜூல் வேண்டும். 200 வாற்றில் மிதிக்கிறவருக்கு அது 11 செக்கன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால் முழு ஏற்றத்துக்கு அதே வாற்றில் 73 நிமிடம், காற்றையும் ரயர் உராய்வையும் சேர்க்காமலே. அதில் 11 செக்கன். எக்ஸ்ரியோடு ஒப்பிட்டால் 5 செக்கன்.

முதல்நாள் இரவு கொத்து ரொட்டியைப் பாதியில் நிறுத்தினால் இதைவிடக் கூடக் கிடைக்கும். ஆனால் கினிகத்தேனையில் தேத்தண்ணிக் கடையைக் கண்டதும் நிற்கிற கூட்டம் நாங்கள், எங்களுக்கெதற்குச் செக்கன் கணக்கு.

பெப்ரவரி 23

எடை குறைக்க டைட்டானியம் ஒன்றுதான் வழி என்றும் நினைக்க வேண்டாம். ஷிமானோவின் போட்டிக் கம்பனி ஸ்ராம் இதே எடையை உருக்கில் தொட்டது. அவர்களுடைய எக்ஸ்எக்ஸ்1 ஈகிள் கசெற்றில் மிகப் பெரிய சில்லு அலுமினியம், மற்ற எல்லாம் ஒரே உருக்குக் கட்டியிலிருந்து குடைந்து எடுத்தவை. உள்ளே வெறும் கூடு, மெல்லிய சுவர், பற்கள். 10-52 ஏறத்தாழ 370 கிராம். எக்ஸ்ரிஆரோடு தோளுக்குத் தோள் நிற்கிறது, அதுவும் டைட்டானியம் இல்லாமல். போலந்திலிருந்து வருகிற கார்பருக் கசெற்றும் குடைந்தெடுத்த உருக்கும் அலுமினியமும்தான்.

ஆனால் விலை இறங்காது. உலோகத்துக்குப் பதிலாக இங்கே இயந்திர நேரத்துக்குக் காசு. ஒரு கட்டியில் பெரும்பகுதியைச் சீவித் தள்ளிவிட்டு மிச்சத்தை விற்கிறார்கள். அத்தோடு அந்த ஸ்ராம் கசெற்றுக்கு எக்ஸ்டி டிரைவர் ஃப்ரீஹப் வேண்டும், உங்கள் மைக்ரோ ஸ்ப்ளைனில் ஏறாது. ஷிமானோவின் எக்ஸ்ரியோடு இதைக் குழப்பிக்கொண்டு கடையில் நிற்காதீர்கள். அது கசெற்றின் பெயர், இது ஃப்ரீஹப்பின் பெயர்.

மார்ச் 2

தங்க நிறக் கேள்விக்கு வருகிறேன், இரண்டு பேர் நினைவூட்டிவிட்டார்கள்.

டைட்டானியம் உலோகத்தின் நிறம் மங்கிய சாம்பல். தங்க நிறம் வருவது டைட்டானியம் நைத்திரைட்டுப் பூச்சால். துளையிடுகிற அலகுகளில் பார்த்திருப்பீர்கள், பஞ்சிகாவத்தையில் பெட்டி பெட்டியாக இருக்கும். சில மைக்ரோன் தடிப்பு, அவ்வளவுதான். கடினமான பூச்சு, துருவையும் கொஞ்சம் தடுக்கும், பார்க்கவும் வடிவு. ஸ்ராமின் தங்க நிறக் கசெற்றும் இந்தப் பூச்சுத்தான், அவர்கள் அதை உருக்கு என்றே சொல்லி விற்கிறார்கள். பிரச்சினை, பூச்சின் பெயரைத் தூக்கி உலோகத்தின் பெயராகப் போடுகிற விற்பனையாளர்கள். மலிவான சாமானில் பூச்சுக்கூட இருக்காது, வெறும் நிறம்.

எங்களோடு ஓடுகிற ஒருவர் அப்படி ஒன்று எடுத்தார். பொதி வந்தது, சுங்கத்தில் வரியும் கட்டினார். என் வீட்டு மேசையில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். டக்கென்று ஒட்டியது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. மனுசன் ஒரு நிமிடம் பேசவில்லை, அப்புறம் பெரிய பற்சில்லில் வைத்துப் பார்த்தார், அங்கே ஒட்டவில்லை. "பார்த்தியா, இது டைட்டானியம்!" அது அலுமினியம் மச்சான்.

ஆகவே காந்தம் ஒட்டினால் உருக்கு என்பது நிச்சயம். ஒட்டாவிட்டால் டைட்டானியம் என்று நிச்சயமில்லை, அலுமினியமும் ஒட்டாது, துருப்பிடிக்காத உருக்கில் சில வகையும் ஒட்டாது. எடை பார்த்தால்தான் மிச்சம் விளங்கும்.

அவருடைய கசெற் இன்னும் ஓடுகிறது, மோசமில்லை. சும்மா ஒரு உருக்குக் கசெற்.

மார்ச் 3

"அப்போ டைட்டானியத்தால் ஒரு நன்மையும் இல்லையா" என்று வெள்ளவத்தையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது: துரு. நானும் கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறேன், மரைன் டிரைவிலிருந்து வருகிற காற்றுக்கு பல்கனிக் கம்பியே உரிகிறது. சாதாரண செயினை மழையில் நனைத்துவிட்டு ஒரு இரவு விட்டால் காலையில் செம்மஞ்சள். டைட்டானியத்துக்கு மேலே தானாக உருவாகிற ஒக்சைட்டுப் படலம் உப்பையும் தாங்கும். காலி முகத்திடலில் நாள் முழுக்க நிறுத்தி வைத்தாலும் அந்த ஐந்து சில்லுகளும் அப்படியே இருக்கும்.

மார்ச் 5

மேலே எழுதியதை இரண்டு நாளாக யோசித்தேன். துரு வாதம் உண்மை, ஆனால் பலமில்லை. அந்த ஐந்து சில்லும் துருப்பிடிக்காது, சரி. பக்கத்திலிருக்கிற சின்ன நான்கு உருக்கு. அவற்றின் மேல் ஓடுகிற செயினும் உருக்கு. கடல் காற்றில் முதலில் போவது செயின், அதைத் துருவோடு விட்டால் டைட்டானியத்தையும் சேர்த்துத் தேய்க்கும். அத்தோடு டைட்டானியமும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் பலியாகும். மின்னிரசாயனத்தில் டைட்டானியம் கதோட்டு, அலுமினியம் அனோட்டு.

கடலோரத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது எந்தக் கசெற் என்றாலும் ஒன்றுதான். நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, துணியால் துடைத்து, உடனே செயினுக்கு எண்ணெய். கார் கழுவுகிற இடத்தில் அழுத்தத் தண்ணீர் அடிக்கக் கொடுக்காதீர்கள், ஹப் பெயாரிங்குக்குள் போய்விடும்.

மார்ச் 19

தேய்மானம். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்கிறார் பொரளையிலிருந்து ஒருவர். சரி.

டைட்டானியம் கசெற்றில் உருக்கைவிட மென்மை. அந்தப் பற்களை நன்றாக வைத்திருக்க ஒரே வழி, நீண்ட செயினை அதில் ஓடவிடாதிருப்பது. 12 ஸ்பீட் செயின் 0.5 வீதம் நீண்டதும் கழற்றிவிட வேண்டும். ஒரு அடி நீளத்தில் அது 1.5 மில்லிமீற்றர், கண்ணுக்குத் தெரியாது. செயின் அளவுகோல் ஒன்று வாங்குங்கள், கசெற் விலையோடு பார்த்தால் அது காசே இல்லை. நீண்ட செயினில் கண்ணி பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி நிற்கும், பல்லின் ஒரு பக்கம் சாய்வாகத் தேயும். பிறகு புதுச் செயின் போட்டாலும் வழுக்கும். எக்ஸ்ரிஆரில் அந்த நடுச் சில்லுகள் ரிவெற் அடித்த தொகுதி. ஒரு பல் போனால் அது ஒன்றை மட்டும் மாற்ற இயலாது.

நான் தினசரி ஓடுகிற பின்சில்லில் எஸ்எல்எக்ஸ் போட்டிருக்கிறேன். மலைக்கென்று வைத்திருக்கிற மற்றப் பின்சில்லில் பழைய எக்ஸ்ரிஆர் ஒன்று, ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது விற்றது. அதில் 21 பல்தான் முதலில் கூர்ந்தது. முதல் உரிமையாளர் அதைக் கொழும்பில் ஓட்டியிருக்கிறார் என்று பற்களே சொல்லின.

தலங்கமைக்கு அப்பால் செம்மண் பாதைகளில் ஓடுகிறவர்கள் இன்னும் கவனம். எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்தால் அது அரைக்கிற பசை. நான் மெழுகுக்கு மாறிவிட்டேன். பரபின் மெழுகை உருக்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்த செயினை அதற்குள் போட்டு எடுக்கிறேன். வீட்டில் ஒரு ரைஸ் குக்கர் அதற்கென்றே போய்விட்டது, அதன் வரலாற்றை இங்கே எழுதினால் குடும்பத்துக்குள் பிரச்சினை. மழைக் காலத்தில் மெழுகு சீக்கிரம் போகும், துரு சீக்கிரம் வரும், அதையும் சொல்ல வேண்டும். மே வந்ததும் நான் எண்ணெய்க்குத் திரும்பிவிடுவேன்.

மார்ச் 28

தெஹிவளைத் தம்பிக்கு. அக்கா புறப்பட நாள் கிட்டுகிறது, ஆகவே சுற்றி வளைக்காமல்.

இப்போது ரயருக்குள் ரியூப் இருக்கிறதா? 29 அங்குல ரியூப் ஒன்று கிட்டத்தட்ட 200 கிராம். இரண்டையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ரயருக்கும் 100 கிராமளவில் சீலன்ற் (ஓட்டையை அடைக்கிற திரவம்) ஊற்றி ரியூப்லெஸ் ஆக்கினால் மொத்தத்தில் 200 கிராம் குறைகிறது. அது எக்ஸ்ரிஆர் தருகிற அளவுதான், ஆனால் குறைவது ரிம்மின் விளிம்பில். ராஜகிரியக்காரர் சொன்ன இரட்டிப்புக் கணக்கு இங்கேதான் பொருந்தும். காற்றையும் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம், தேயிலைத் தோட்டத்துக் கல்லுப் பாதையில் பிடிமானம் கூடும், முள் குத்தினாலும் தானே அடைத்துக்கொள்ளும். ரிம்மும் ரயரும் ரியூப்லெஸுக்குத் தகுந்தவையா என்று மட்டும் பாருங்கள்.

அக்காவிடம் கேட்க வேண்டியது: ரியூப்லெஸ் வால்வு இரண்டு, ரிம் ரேப், சீலன்ற் போத்தல். சீலன்ற் திரவம் என்பதால் கைப்பையில் வைக்க வேண்டாம், பெரிய பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள். இன்னும் காசிருந்தால் எக்ஸ்ரி கசெற், 12 ஸ்பீட் செயின் இரண்டு. டியோர் கசெற் தேயாமல் கழற்ற வேண்டாம், தேயட்டும்.

டொலர் 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்து சில கிழமைகளில் 360க்குப் போனதைப் பார்த்த ஆள் நான். பெற்றோல் வரிசைக் காலம். அப்போது சைக்கிள் சாமான் கிடைத்ததே பெரிய காரியம். தேய்கிற சாமானில் காசைப் போட எனக்குக் கை வராததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொருவருக்கு அந்தப் பயம் இல்லாமலிருக்கலாம்.

ஏப்ரல் 16

வருஷத்துக்கு ஊருக்குப் போன சைக்கிள் திருத்துகிற பாஸ் இன்னும் கடை திறக்கவில்லை. கொழும்பே வெறிச்சோடிக் கிடக்கிறது, சைக்கிள் ஓட இதைவிட நல்ல கிழமை கிடையாது. தம்பி கேட்டிருக்கிறார், கசெற்றை நானே மாற்றலாமா என்று. மாற்றலாம். கழற்ற, கசெற் சுழலாமல் பிடிக்கிற செயின் சாட்டையும் அதைப் பூட்டியிருக்கிற லொக் ரிங்கின் சாவியும் வேண்டும், பூட்டும்போது சாவி மட்டும் போதும். ஃப்ரீஹப் பள்ளங்களில் மெல்லிய கிறீஸ், லொக் ரிங் மரையிலும் கொஞ்சம். மரை நேராகப் பிடிக்கிறதா என்று முதல் இரண்டு சுற்றைக் கையாலேயே சுற்றிப் பாருங்கள், அலுமினியத்தில் கோணலாக ஏறினால் முடிந்தது கதை. பிறகு 40 நியூட்டன் மீற்றர் வரை இறுக்குங்கள். அது நாங்கள் நினைப்பதைவிட நிறைய. "போதும்" என்று கை சொல்கிற இடம் பெரும்பாலும் அதற்குக் கீழே.

மே 11

மாலபேயிலிருந்து ஃபுல் சஸ்பென்ஷன் வைத்திருக்கிற ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார், நல்ல சண்டை. ஏற்றத்துக்காக இல்லை, பின் சஸ்பென்ஷனுக்காகத்தான் எக்ஸ்ரிஆர் எடுத்தாராம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை குறைந்தால் கல்லில் மோதிய பின் சில்லு சீக்கிரம் நிலத்துக்குத் திரும்பும் என்கிறார். அது சரி. அந்த இடத்தில் கசெற்றின் கிராமுக்குச் சட்டத்தின் கிராமைவிட மதிப்பு உண்டு, ஆரைக் கணக்கு அதைத் தொடாது, ஏனென்றால் அங்கே சில்லு முழுசாக மேலும் கீழும் போகிறது. 226 கிராமில் அது கைக்குத் தெரியுமா என்றால், அவருக்குத் தெரிகிறதாம். அவர் என்னைவிட வேகமாக இறங்குகிறவர், ஆகவே நம்புகிறேன்.

ஹார்ட்ரெயில்காரருக்கு இந்த வாதம் பொருந்தாது, அங்கே பின்னால் ஸ்பிரிங்கே இல்லை.

மே 12

வேலைக்கு மட்டும் ஓடுகிறேன், மலைப்பக்கமே போவதில்லை, எந்தக் கசெற் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கேள்வி. உங்களுக்கு நேர் எதிர்த் திசை. ஷிமானோவின் லிங்க்கிளைட் வரிசை. எக்ஸ்ரி தரத்தில் 11 ஸ்பீட் 11-50 கசெற் 780 கிராம், எக்ஸ்ரிஆரைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பல்லு தடிப்பு, மேலே பார்த்த ஷிமானோ 12 ஸ்பீட் கசெற்றுகளின் ஹைப்பர்கிளைட் பிளஸ் வகையைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்று ஷிமானோ சொல்கிறது. பழைய ஹெச்.ஜி. ஃப்ரீஹப்பிலேயே ஏறும். ஆனால் கியர் மாற்றுகிற சிஃப்ரரும் பின்னால் செயினை நகர்த்துகிற பொறியும் லிங்க்கிளைட்டுக்குரியவையாக இருக்க வேண்டும், உங்களிடம் 12 ஸ்பீட் இருந்தால் அதோடு கலக்க முடியாது. மொத்தமாக மாற்றுகிற நாளில் யோசியுங்கள்.

மே 20

தம்பி, ரியூப்லெஸ் ஆக்கிய சில்லின் படம் பார்த்தேன். வால்வு நன்றாக வந்திருக்கிறது. சீலன்ற் ரயரின் ஓரத்தில் கசிவது முதல் இரண்டு நாள் சகஜம், சில்லைப் படுக்கப்போட்டு ஒவ்வொரு பக்கமாக விடுங்கள், நின்றுவிடும். எங்கள் வெக்கைக்கு சீலன்ற் சீக்கிரம் காயும், ஒகஸ்ட்டில் வால்வைக் கழற்றி ஒரு குச்சி விட்டு ஈரம் இருக்கிறதா பாருங்கள். கசெற்றை இப்போதைக்குத் தொடாதீர்கள்.